ஊர் பெயர் பொறித்த பாட்டில்கள்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரில் கண்ணாடி ஆலை வைத்திருந்த டான் ரைலண்ட்ஸ், 1880களில் கோலி சோடா பாட்டிலின் வாய்க்கு மட்டும் தனி நிறம் கொடுத்து விற்றார். உடம்பெல்லாம் கடல்நீர் போல வெளிர்பச்சை, உதடு மட்டும் நீலம் அல்லது பழுப்பு. ஒரு கம்பெனியின் பாட்டிலை இன்னொரு கம்பெனி எடுத்து நிரப்பி விற்பது அன்றைக்கு அந்தத் தொழிலின் தீராத தலைவலி. திரும்பி வரும் குவியலில் தன் பாட்டில் எது என்று முதலாளிக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த நிறம் அது. இன்றைக்கு அந்த நிற உதட்டுப் பாட்டில்களுக்கு விலை அதிகம். முழு உடம்பும் கருநீலமாக இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும்.

விலை சொல்கிறவர் நிறத்தைப் பார்க்கிறார். எனக்கு அந்த முதலாளியின் பயம் தெரிகிறது. ஏனென்றால் நான் சோடா கம்பெனி வீட்டில் வளர்ந்தவன்.

கோவில்பட்டிப் பக்கத்தில் அப்பா நடத்தியது சின்னக் கம்பெனி. ஒரு கை மிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு தண்ணீர்த் தொட்டி, சைக்கிளில் பெட்டி கட்டிப் போகும் இரண்டு ஆட்கள். கம்பெனியின் சொத்து என்றால் பாட்டில்தான். உள்ளே இருப்பது தண்ணீரும் கேஸும். காசு முழுக்கக் கண்ணாடியில் கிடந்தது. பெயர் பொறித்த பாட்டில் வாங்கத் தனி அச்சு செய்யவேண்டும், மொத்தமாகவும் எடுக்கவேண்டும். அப்பாவுக்கு அது கட்டுபடியாகவில்லை. அதனால் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் பச்சை பெயிண்ட்டால் ஒரு வளையம் போட்டார். ரைலண்ட்ஸ் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. நூறு வருஷம் கழித்து, கரிசல் காட்டில், அதே சங்கடம் அதே வழியைக் காட்டியிருக்கிறது.

கோலி பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட். 1838இல் சஃபோக் மாவட்டத்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் பிறந்தவர். 1872இல் காப்புரிமை பெற்றார். அதுவரை கேஸ் ஏற்றிய தண்ணீரை அடைத்து வைக்கத் தக்கைதான். தக்கை காய்ந்தால் கேஸ் போய்விடும். தக்கை காயக்கூடாது என்றே நிற்க முடியாத முட்டை வடிவத்தில் பாட்டில் செய்து படுக்கவைத்தார்கள். காட் தக்கையையே ஒழித்தார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால் கோலி இறங்கி ரப்பரில் உட்காரும். உள்ளே இருக்கும் கேஸே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கோலி எப்படி உள்ளே போனது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். பாட்டில் ஊதி முடித்ததும் கோலியைப் போட்டு, பிறகு வாயைச் சூடுபடுத்திக் குறுக்கிவிடுவார்கள். கழுத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறதே, அது ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் பிடித்துக்கொள்ள.

காட் கெட்டிக்கார வியாபாரியும்கூட. சோடா தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தார். பாட்டில் செய்கிறவர்கள் கோலியையும் ரப்பர் வளையத்தையும் தன்னிடமே வாங்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1887இல் இறந்துபோனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஐந்தே வருஷத்தில் அமெரிக்காவில் வில்லியம் பெயின்ட்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் கோலி பாட்டில் மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து போனது. நம் பக்கத்தில் அது இன்னும் பல தலைமுறை ஓடியது. 1863இல் தொடங்கிய மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்குச் சோடா நீர் தயாரித்தது. 1916இல் விருதுநகரில் காளிமார்க் வந்தது. பிறகு ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று கம்பெனிகள். 1977இல் கோகோ கோலா நாட்டைவிட்டுப் போனது. 1993இல் திரும்பி வந்தது. வந்த பிறகு, அப்பாவைப் போன்றவர்களின் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இங்கிலாந்தில் பழைய பாட்டில் சேர்க்கிறவர்கள் மண்வெட்டியோடு போவார்கள். விக்டோரியா காலத்து நகரங்கள் குப்பையை ஊருக்கு வெளியே மலையாகக் கொட்டி மூடின. அந்த மேடுகளைத் தோண்டினால் மருந்து பாட்டில், மை பாட்டில், இஞ்சி பியர் ஊற்றிய கல்ஜாடி, கோலி பாட்டில் எல்லாம் வரும். 1970களில் அங்கே அது பெரிய பொழுதுபோக்காகவே ஆனது. நம்மிடம் தோண்டுவதற்கு மேடு இல்லை. பாட்டிலைத் தூக்கிப்போடும் பழக்கமே இங்கே இருந்ததில்லை. பிராந்தி பாட்டில் கழுவப்பட்டு நல்லெண்ணெய்க்குப் போனது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊறுகாய். சின்ன மருந்து பாட்டிலில் விளக்கெண்ணெய். உடைந்தது காயலாங்கடைக்கு, அங்கிருந்து உருக்கும் உலைக்கு. கோலி பாட்டில் உடைந்தால் கோலி பையன்களுக்கு. (உடையாததையும் கோலிக்காக உடைத்தவர்கள் உண்டு. இங்கிலாந்துப் பையன்களும் அதைத்தான் செய்தார்கள். முழுப் பாட்டில் இன்று அரிதாகிப் போனதற்கு இரண்டு நாட்டிலும் அது ஒரு காரணம்.) ஆகவே நம் பாட்டில்களின் வரலாறு மண்ணுக்கடியில் இல்லை. பரணிலும், அடைத்துக் கிடக்கும் பெட்டிக்கடையிலும், காயலாங்கடைச் சாக்கிலும் இருக்கிறது.

அங்கிருந்து அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிந்தபோது வெளியே வந்த பொருள்கள் அந்தத் தெருவில் கடை கடையாக அடுக்கியிருக்கின்றன. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, தேக்குத் தூண், நடுவில் பாட்டில்கள். அங்கே ஒரு கடையில் கழுத்துக்குக் கீழே தமிழ் எழுத்து பொறித்த கோலி பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். ஊர்ப் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது, மிச்சம் தேய்ந்திருந்தது.

“எந்த ஊர்ல எடுத்தீங்க?” என்றேன்.

“அது தெரியாதுண்ணே. மதுரையில ஒருத்தர் சாக்கோட குடுத்தாரு. பாலீஷ் போட்டு வச்சிருக்கேன், பாருங்க, எப்படி மின்னுது!”

எனக்கு வருத்தமாக இருந்தது. மண்ணிலோ ஈரத்திலோ கிடந்த கண்ணாடியின் மேல் ஒரு வெண்படலம் படியும். விற்கிறவர்கள் அதைப் போக்குவார்கள். வெளிநாட்டில் அதற்கென்றே உருளை இயந்திரம் உண்டு. செம்புத் துண்டும் மெருகுப் பொடியும் போட்டு நாள்கணக்கில் சுழற்றுவார்கள். கண்ணாடி பளபளக்கும், பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். இன்னொரு வித்தையும் உண்டு. மாங்கனீசு கலந்து வெளுப்பாக்கிய பழைய கண்ணாடி வருஷக்கணக்கில் வெயில் பட்டால் இளம் ஊதா ஆகும். அந்த ஊதாவுக்கு விலை இருப்பதால், சாதாரணப் பாட்டிலைக் கதிர்வீச்சில் வைத்து ஒரேயடியாக ஊதாவாக்கி விற்கிறார்கள்.

அப்பாவின் பாட்டில்களில் நான் தேடிப் பார்ப்பது வேறு. பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி உரசித் தோள்பட்டையில் விழுந்த வெள்ளைக் கோடு. கடைப்பலகையில் இழுபட்டுத் தேய்ந்த அடி. கோடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தடவை அந்த பாட்டில் கம்பெனிக்குத் திரும்பி வந்திருக்கிறது. எத்தனையோ கல்யாணம், கொடை, கட்சிக் கூட்டம் பார்த்த கோடு அது. இப்போது இந்தக் கோட்டுக்கு இன்னொரு உபயோகமும் வந்துவிட்டது. 2017 மார்ச் முதல் கோக், பெப்சியை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்த பிறகு கோலி சோடாவுக்கு மறுபடி கிராக்கி வந்தது. உத்தரப்பிரதேசத்தின் சாஸ்னியிலிருந்து வரும் புதுப் பாட்டிலையே பழையது என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தோளில் கோடு இல்லை, அடியில் தேய்மானம் இல்லை என்றால் நம்பாதீர்கள்.

இப்படிச் சொல்வதால் விற்கிறவர்களை நான் பகையாக நினைக்கவில்லை. காயலாங்கடை உலைக்கும் பாட்டிலுக்கும் நடுவில் நின்றவர்கள் அவர்கள்தான். சாக்கில் கிடந்ததைக் குனிந்து எடுக்க ஒரு லாபம் தேவைப்பட்டது. அந்த லாபம் இல்லாவிட்டால் என் அலமாரியில் பாதி காலி. அப்பா கடைசியில் பாட்டில்களை எடைக்குப் போட்டபோது, ஒரு வியாபாரி நல்லதாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். பச்சை வளையம் போட்ட சிலவற்றை நான் பிற்பாடு அவரிடமே விலை கொடுத்து வாங்கினேன். அவர் கேட்ட விலைக்குமேல் ஒரு ரூபாய் வைத்து மனதாரக் கொடுத்தேன். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வாங்கும்போது ஊரைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, பாட்டிலுக்குள் போட்டுவிடுங்கள். ஊர் தெரியாத பாட்டில் அலங்காரத்துக்கு ஆகும், ரிசார்ட் வரவேற்பறையில் வரிசையாக வைக்கலாம். ஊர் தெரிந்தால் அங்கே யார் கம்பெனி வைத்தார்கள், எந்தச் சந்தைக்குப் போனது, எப்போது நின்றது என்று விசாரிக்க ஆள் கிடைக்கும். அந்த ஆட்கள் எல்லோருக்கும் இப்போது எழுபது, எண்பது வயது.

பாட்டிலைவிட நான் அதிகமாகத் தேடுவது பாட்டில் கணக்கு நோட்டை. எந்தப் பெட்டிக்கடைக்கு எத்தனை பாட்டில் போனது, எத்தனை திரும்பியது, உடைசல் எத்தனை, முன்பணம் யார் பாக்கி என்று ஒவ்வொரு கம்பெனியிலும் நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது. அப்பாவின் நோட்டில் கடைக்காரர் பெயரோடு அடையாளமும் இருக்கும்: ரயில்வே கேட், தீப்பெட்டி ஆபீஸ் எதிரே, கொட்டகை வாசல். ஒரு ஊரின் கடைத்தெரு முழுவதும் அதில் இருந்தது. பாட்டிலுக்கு விலை வந்துவிட்டதால் பாட்டில் பிழைத்துக்கொண்டது. நோட்டுக்கு விலை வரவில்லை, அது பழைய பேப்பரோடு போகிறது. தென்மாவட்டத்தில் யார் வீட்டுப் பரணிலாவது அப்படியொரு நோட்டு இருந்தால், பக்கங்களைப் படம் எடுக்க மட்டும் எனக்கு அனுமதி கொடுங்கள். நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.