கேக்குது மாப்ளே, ஆனா புரியலை

மார்ச் மாசக் கணக்கெல்லாம் முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிராயரைச் சுத்தம் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பாஸ்புக், எரியாத டார்ச், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத நாலு சாவி... அதற்கெல்லாம் அடியில் மாமனாரின் காது மெஷின். டப்பாவோடு, வாரண்டி கார்டோடு, ஒரு அட்டை பேட்டரி பிரிக்காமலே.

மாமனார் திருச்சிப் பக்கம். ரயில்வே பணிமனையில் 34 வருஷம் இரும்போடு இரும்பாக உழைத்தவர். மாமியார் போன பிறகு செம்பூரில் எங்களோடு இருக்கிறார். அந்த மெஷின் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விலை? என் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தங்கமணி இந்தப் பதிவைப் படிப்பாள்.

"மாமா, இதை ஏன் போட்டுக்கறதே இல்லை?" என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"அதைப் போட்டா மிக்ஸி, குக்கர், கீழே ஆட்டோக்காரன் ஹாரன் எல்லாம் பிரமாதமா கேக்குது மாப்ளே. நீங்க பேசறதுதான் புரியலை."

கேட்பது வேறு, புரிவது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மெஷின் விற்ற கடையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பில் போட்டார்கள், காதில் மாட்டினார்கள், "கேக்குதா?" என்றார்கள், இவர் தலையாட்டினார், முடிந்தது. நம் பாஷையில் சொன்னால் கடனைச் சாங்ஷன் பண்ணி, பணத்தையும் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத கேஸ். அது வாராக்கடன் ஆகாமல் வேறென்ன ஆகும்?

நான் படித்தது பி.காம். காது மூக்கு தொண்டைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் இந்த மெஷின் முதன்முதலில் பெரியவர்கள் கைக்கு வந்தபோது கூடவே வேறு என்ன கொடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு மாசம் ராத்தூக்கம் போனது. கிடைத்தது ஒரு நல்ல கதை.

கதைக்கு முன்னால் காதைப் பற்றிக் கொஞ்சம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு, அதற்குள் மயிர்ச் செல்கள். வயசானாலும் சரி, வருஷக்கணக்காக இரைச்சலில் நின்றாலும் சரி, பெரும்பாலும் முதலில் போவது கீச்சுக் குரல் போன்ற உச்ச ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலியில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். வல்லின மெய்கள்தான் கரைந்து போகும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகக் கேட்கும். அதனால்தான் "கேக்குது, புரியலை". சத்தத்தைக் கூட்டினால் எல்லாமே கூடும், கரைந்துபோன இடம் கரைந்த மாதிரியேதான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பட்டு, கட்டு இரண்டையும் பிரிக்கக் காது திணறும்போது, உதடு மூடுவதைப் பார்க்கிற கண் சுலபமாகப் பிரித்துவிடும். படம், மடம் இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி, அங்கே கண் தோற்கும், காது ஜெயிக்கும். மாற்றி மாற்றிக் கைகொடுக்கும் கூட்டாளிகள்.

இந்தக் கண் பக்கத்தை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் நியூயார்க்கின் எட்வர்ட் நிட்சி. 14 வயதில் காது போனவர். காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளிகள் அப்போதே இருந்தன. ஆனால் பேசக் கற்று, படித்து, வேலைக்குப் போய், அதற்கப்புறம் காது மங்குகிற பெரியவர்களுக்கு என்று தனியாக அதிகம் எதுவும் கிடையாது. 1903-ல் அவர்களுக்கு உதட்டசைவைப் படிக்கச் சொல்லித்தரும் பள்ளி தொடங்கினார். 1910-ல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்காதே, வாக்கியத்தின் கருத்தை மொத்தமாகப் பிடி என்பது அவர் பாடம். 1917-ல் 41 வயதுக்குள் இறந்துவிட்டார். முதல் உலகப்போரில் பீரங்கிச் சத்தத்தில் காது போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நியூஜெர்சியின் கேப் மே கடற்கரையில் ஒரு ஹோட்டலையே ராணுவ ஆஸ்பத்திரியாக மாற்றி உதட்டசைவு வகுப்பு நடத்தினார்கள். போர் முடிந்தது, அதுவும் கலைந்தது.

இரண்டாம் உலகப்போரில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. இந்தத் தடவை கையில் மெஷினும் இருந்தது. வால்வு வைத்த மெஷின். சட்டைப்பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர், தனியாகக் கட்டிக்கொள்ள பேட்டரிகள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்க ராணுவம் காதுக்கென்று மூன்று மையங்கள் வைத்தது. பென்சில்வேனியாவில் பட்லர் ஊரில் டெஷான், ஓக்லஹோமாவில் போர்டன், கலிபோர்னியாவில் ஹாஃப். கடற்படைக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒன்று.

1944-ல் டெஷானுக்குப் போய்ச் சேர்ந்தவர் ரேமண்ட் கார்ஹார்ட். டாக்டர் இல்லை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேச்சு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். வயது முப்பத்திரண்டு. காதைச் சோதித்து "உங்களுக்கு இத்தனை சதவீதம் போச்சு" என்று சொல்லி அனுப்புவதோடு அங்கே வேலை முடியவில்லை. ஒரு சிப்பாய் வந்தால் ஏறக்குறைய எட்டு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். பல மெஷின்களை மாட்டிப் பார்ப்பார்கள். எதில் எத்தனை சொல் பிடிபடுகிறது, எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் பிடிபடுகிறது, இரைச்சலில் என்ன ஆகிறது என்று கணக்கெடுப்பார்கள். அதற்குப் பிறகு வகுப்பு: உதட்டசைவு வகுப்பு, தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்திப் பேசுகிறவனுக்குப் பேச்சு வகுப்பு, அப்புறம் கேட்கும் பயிற்சி.

நான் அதிகம் நின்று படித்தது இந்தக் கேட்கும் பயிற்சியைத்தான். பாதியில் காது போனவனுக்கு மொழி தெரியும். மெஷின் வழியாக வருகிற ஒலிதான் புதுசு, பழைய பாஷை புது உச்சரிப்பில் வருகிற மாதிரி. முதலில் குழப்புகிற மெய்யெழுத்துகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிரிக்கப் பழக வேண்டும். அடுத்து, கஷ்டமான இடங்களில் பழக வேண்டும். கார்ஹார்ட் எழுதியதில் மூன்று இடங்கள் வருகின்றன: பலத்த இரைச்சலுக்கு நடுவே, வேறு ஒருவர் பேச்சு குறுக்கிடும்போது, அப்புறம் டெலிபோனில்.

மிக்ஸி, டிவி, செல்போன்! எண்பது வருஷம் முன்னால் ஒரு அமெரிக்கர் எங்கள் செம்பூர் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது :-)

போர் முடிந்ததும் கார்ஹார்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி இதை ஒரு தனிப் படிப்பாகவே வளர்த்தார். ஆடியாலஜி என்ற பெயர் 1945 வாக்கில் அவராலும் காது மருத்துவர் நார்டன் கேன்ஃபீல்டாலும் பரவியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆக, அந்தத் துறை பிறந்தது மெஷின் விற்கிற கவுண்டரில் இல்லை, எட்டு வார வகுப்பறையில்.

அப்புறம் அந்த எட்டு வாரம் எங்கே போனது?

சிப்பாய்க்கு அரசாங்கம் படுக்கையும் சாப்பாடும் கொடுத்தது, அவனும் இருந்தான். சாதாரணக் குமாஸ்தா எட்டு வாரம் லீவு போட முடியுமா? இது முதல் காரணம். இரண்டாவது காரணம், சோதனைக்கே வந்த சந்தேகம். மெஷின்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் கார்ஹார்ட் முறையை 1960-ல் ஷோர், பில்ஜர், ஹிர்ஷ் என்ற மூவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வேறு நாளில் சோதித்தால் வேறு மெஷின் ஜெயிக்கிறது, நம்பும்படி இல்லை என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அடி விழுந்தது மெஷின் தேர்வுக்கு, பயிற்சிக்கு இல்லை.

மூன்றாவது காரணம் எனக்குப் பரிச்சயமானது. அமெரிக்கப் பேச்சு–கேட்பியல் சங்கம் 1970களின் கடைசி வரை, ஆடியாலஜிஸ்ட் லாபத்துக்கு மெஷின் விற்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. சோதிப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். நம் பேங்க்கில் மேக்கர்–செக்கர் மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், சோதித்தவர் சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்பினார், கடைக்காரர் விற்றார், மாட்டிக்கொண்டவர் நடுவில் காணாமல் போனார். விதி தளர்ந்த பிறகு சோதிப்பவரே விற்க ஆரம்பித்தார். அப்போது காசு மெஷினில்தான் இருந்தது, வகுப்பில் இல்லை. 1965-ல் வந்த மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு காது மெஷினையே விலக்கி வைத்த திட்டம், வகுப்புக்கு எங்கே கொடுக்கப்போகிறது? 1950களில் டிரான்சிஸ்டர், 1990களில் டிஜிட்டல் என்று மெஷின் சிறுத்துக்கொண்டே வந்தது. வகுப்பும் கூடவே சிறுத்து "கேக்குதா?" என்ற ஒரு கேள்வியில் வந்து நின்றது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1948-ல் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோதே மெட்ரெஸ்கோ என்ற அரசாங்க மெஷினை இலவசமாகக் கொடுத்தது. விலைத் தொல்லை தீர்ந்தது, டிராயர் தொல்லை அங்கேயும் தீரவில்லை.

பயிற்சி என்றால் எல்லாம் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து பழகும் மென்பொருள் ஒன்றை அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் சோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். மெஷினோடு சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவில் லூயிஸ் ஹிக்சன் குழு, வாரம் இரண்டு மணி நேரமாக ஐந்து வாரம், சின்னக் குழுவாக உட்கார்த்தி, முடிந்தால் வீட்டு மனிதர்களையும் அழைத்து நடத்திய வகுப்பில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. 2007-ல் வெளியிட்டார்கள். அங்கே சொல்லித்தருவது காதுப் பயிற்சியைவிட மனுஷப் பயிற்சி: எங்கே உட்காருவது, வெளிச்சம் யார் முகத்தில் விழ வேண்டும், புரியாதபோது "ஆங்?" என்று மொத்தத்தையும் திருப்பிக் கேட்காமல் விட்டுப்போன துண்டை மட்டும் எப்படிக் கேட்பது.

மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று மிரட்டும் விளம்பரங்கள் பற்றியும் ஒரு வரி. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருஷம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. மொத்தக் கணக்கில் ஞாபகசக்திக் குறைவில் வித்தியாசம் இல்லை. ஆபத்து அதிகமுள்ள ஒரு பிரிவினருக்கு மட்டும் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அங்கேயும் கொடுத்தது மெஷின் மட்டும் இல்லை, ஆடியாலஜிஸ்டோடு பல தடவை உட்கார்ந்து ஆலோசனையும் சேர்த்து.

நம் நாட்டுக்கு வருவோம். மைசூரில் பேச்சு–கேட்பியலுக்கான அகில இந்திய நிறுவனம் 1965-ல் வந்தது. மும்பையில் பாந்த்ராவில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனம் 1983-ல். பலருக்குத் தெரியாது, காதுச் சோதனையில் பீப் சத்தத்துக்குக் கை தூக்குவது பாதிதான். மீதிப் பாதி சொற்களைச் சொல்லிக் கேட்பது. போர்க்காலத்தில் ஹார்வர்டில் தயாரித்த பட்டியலில் பேஸ்பால் மாதிரி அமெரிக்கச் சிப்பாய்க்குத் தூக்கத்திலும் தெரிந்த சொற்களாகப் போட்டார்கள். சோதிப்பது காதை, பாஷையறிவை இல்லையே. அதே நியாயத்தில் இங்கே ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பட்டியல் வேண்டும். தமிழுக்கும் 1970களிலேயே மைசூரில் தயாரித்திருக்கிறார்கள்.

நம்மைப் போல ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கு இது முக்கியம். மாமனாருக்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தக் கடையில் ஹிந்திச் சொற்களைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு ஹிந்தியில் தெரிந்தது "கித்னா", "நஹி" இரண்டும்தான். கேட்டும் புரியாததா, கேட்கவே இல்லையா, அல்லது பாஷையே தெரியாததா என்று அந்த மார்க்கிலிருந்து யார் சொல்ல முடியும்? இந்தத் தடவை வேறு இடம், தமிழ் தெரிந்த ஆடியாலஜிஸ்ட், தமிழ்ச் சொற்கள். மெஷின் அதேதான். புதுசு வாங்க வேண்டாம் என்றார், செட்டிங் மட்டும் மாற்றினார். "தினம் கொஞ்ச நேரம், முதலில் அமைதியான அறையில் போடச் சொல்லுங்க. எதிரே உட்கார்ந்து பேசுங்க, சமையலறையிலிருந்து கூப்பிடாதீங்க" என்றார். கடைசி வாக்கியத்தின்போது தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் எங்கள் வீட்டு டெஷான். பட்டு, கட்டு, தட்டு என்று நான் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்ல, மகன் மார்க் போடுகிறான். முதல் மூன்று வாரம் ஃபேனை நிறுத்திவிட்டு. அப்புறம் ஃபேனோடு. அப்புறம் டிவியில் செய்தி ஓட விட்டு. நடுவில் நாலு நாள் "போதும், விடுங்க" என்று மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு நடைக்குப் போய்விட்டார். திரும்ப அவராகவே வந்து உட்கார்ந்தார். மார்க் ஒன்றும் பிரமாதமாக ஏறிவிடவில்லை, டிவி ஓடினால் இன்னும் பாதிதான் தேறுகிறார்.

போன வாரம்தான் மூன்றாவது பாடம், டெலிபோன். திருச்சியிலிருந்து அவர் தம்பி. வழக்கமாக "இந்தா, நீ பேசு" என்று தங்கமணியிடம் நீட்டிவிடுவார். அன்றைக்கு நீட்டவில்லை. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார்.

"தம்பிக்கு ஆபரேஷனாம், வர்ற புதன்கிழமை. கண்ணா காலான்னுதான் முதல்ல பிடிபடலை. 'ஆங்'னு கேக்காம, 'கண்ணா, காலா'ன்னே கேட்டுட்டேன். கண்ணுதானாம்."