உப்பு யார் பங்கு?

பழவேற்காட்டுக்கு வரலாறு உண்டு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர், துணி ஏற்றினர், அடிமைகளையும் ஏற்றினர். வகுப்பிலே நானும் இதைத்தான் கற்பிக்கிறேன். கோட்டை எழுந்த ஆண்டைக் கேட்டால் மாணவன் தயங்காமல் சொல்வான். கோட்டைக்கு வெளியே வலை இழுத்தவன் எந்தத் தண்ணீரைக் குடித்தான்? பாடநூல் அதைக் கேட்பதில்லை!

அந்த ஏரிக்கரையிலே தோணிரேவு. தோணி ஒதுங்கும் துறை என்று பெயரே கூறும். எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் நீர். முகத்துவாரம் வழியே கடல் புகுந்து கலந்த நீர். கரை மணலிலோ, மழை தந்த நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். ஆழமின்றித் தோண்டினால் இனிக்கும். அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். அந்த ஊற்றின் அருகே மலக்குழி அமைந்தால், மணல் வழியே அழுக்கும் ஊறிவரும். ஆகவே, கழிப்பறை கட்டு என்று உபதேசித்தால் போதாது. எங்கே கட்டுவது? கிணற்றுக்கு எவ்வளவு தொலைவில்? எந்த நீரை ஊற்றி?

வாந்திபேதி வந்தால் அம்மன் சினம் என்றார்கள். 1854இல் லண்டனிலே ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், தெரு அடிகுழாய் ஒன்றின் நீரே சாவுக்குக் காரணம் என்று காட்டினார். குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். கூழ் ஊற்றவில்லை, தோழர்களே!

கடலோரத்தில் உப்பு இயற்கைதானே என்பார் உண்டு. ஓரளவு உண்மை. மீதியை மீஞ்சூர் சொல்லும். 1872இல் கொற்றலையாற்று நீர் செங்குன்றம் ஏரி வழியே சென்னைக்குச் சென்றது. அதுவும் போதவில்லை. 1960களில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்கிணறுகள் இறங்கின. நகரமும் ஆலைகளும் நிலத்தடி நீரைக் குடித்தன. நன்னீரின் அழுத்தம் தளர்ந்தது. கடல் நிலத்துக்குள் நடந்தது. மீஞ்சூர்ப் பக்கம் 1969இல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். 1983இல் ஏறத்தாழ 7! உழவனின் கிணறு உப்பாயிற்று. ஆண்டவன் இட்ட சாபமா அது? பம்பு போட்ட கணக்கு!

2010இல், பழவேற்காட்டுக்குத் தெற்கே அதே கடற்கரையில், காட்டுப்பள்ளியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை! உப்பை நீக்க வழியில்லை என்ற சாக்கு அன்றே செத்தது. உப்பு நீங்கிய நீர் குழாயேறித் தெற்கே நகரத்துக்குப் போயிற்று. தோணிரேவு வடக்கே இருக்கிறது.