கல்லீரல் மாற்றும் புதிய புற்றும்: ஒரு பதிவேட்டின் வரலாறு

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் புதிதாகப் புற்றுநோய் தோன்றுவது, அவர்கள் நெடுங்காலம் உயிர்வாழத் தொடங்கிய பிறகே பெரிய கேள்வியாக உருவெடுத்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் 1963இல் முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்தியபோது, அதைப் பெற்ற குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. 1967இல் கல்லீரல் பெற்று, ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த முதல் நோயாளியும் ஒரு குழந்தைதான். அதற்கு ஏற்கெனவே கல்லீரலில் இருந்த புற்று மீண்டும் பரவி உயிரைப் பறித்தது. பழைய புற்று திரும்புவது வேறு, கொடையாளரின் உறுப்போடு புற்று வந்து சேர்வது வேறு, பெற்றவர் உடலில் புதிதாக ஒன்று முளைப்பது வேறு என்ற பாகுபாட்டை மருத்துவர்கள் இத்தகைய நிகழ்வுகளின் வழியேதான் கற்றார்கள்.

அக்கல்வியின் அடித்தளம் ஒரு பதிவேடு. ஸ்டார்சலுடன் பணியாற்றிய, தென்னாப்பிரிக்காவில் பிறந்த இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர், உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடம் காணப்படும் கட்டிகளின் விவரங்களை 1968 முதல் டென்வரில் தொகுக்கத் தொடங்கினார். பின்னர் சின்சினாட்டிக்கு இடம்பெயர்ந்த அந்தப் பதிவேடு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தொடக்ககாலப் பதிவுகளில் சிறுநீரகம் பெற்றவர்களே மிகுதி, ஏனெனில் கல்லீரல் பெற்றவர்களில் பெரும்பாலோர் புதுப் புற்று தோன்றும் காலம்வரை பிழைத்திருக்கவில்லை. மருத்துவர்கள் தாமாக விரும்பி அனுப்பிய தகவல்களால் அது வளர்ந்ததால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற விகிதத்தை அதனால் சொல்ல இயலவில்லை; ஆயினும் எந்தெந்தப் புற்றுகளைத் தேட வேண்டும் என்று காட்டியதே பெரும்பணி. வெள்ளையரிடையே பொதுவாக அடித்தளச் செல் தோல் புற்றே மிகுதியாக இருக்க, உறுப்பு பெற்றவர்களிடம் செதிள்செல் புற்று அதை விஞ்சியது.

உடல் புதிய உறுப்பை அந்நியமெனத் தள்ளிவிடாதபடி நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளே இப்புதுப் புற்றுகளுக்கு முதன்மைக் காரணம். ராய் கால்ன் 1978இல் கேம்பிரிட்ஜில் நோயாளிகளுக்குத் தந்து பார்த்த சைக்ளோஸ்போரின் கல்லீரல் மாற்றத்தின் தலைவிதியையே மாற்றியது. ஆனால் அவருடைய தொடக்கக்கால நோயாளிகளிடமே லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றும் தென்பட்டது. 1984இல் ஸ்டார்சல் குழு வெளியிட்ட ஆய்வுதான் இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். சிறுநீரகம் பெற்ற 8 பேர், கல்லீரல் பெற்ற 4 பேர், இதயம் பெற்ற 3 பேர், இதயமும் நுரையீரலும் பெற்ற 2 பேர் என 17 பேரிடம் தோன்றிய இத்தகைய கட்டிகள், பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றோடு தொடர்புடையவை. மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் அவை சுருங்கின, அப்போதும் பொருத்திய உறுப்பைப் பலருடைய உடல் நிராகரிக்கவில்லை. கட்டியை வெட்டுவதற்கோ நச்சு மருந்தால் அழிப்பதற்கோ முன்பாக, அடக்கிவைத்த எதிர்ப்பாற்றலைத் தளர்த்திவிட்டுப் பார்க்கலாம் என்ற இந்த முறை அக்காலத்தில் துணிச்சலானதே.

பென்னின் பதிவேட்டால் சொல்ல இயலாத விகிதக் கணக்கின் இடைவெளியை, உறுப்பு மாற்றப் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவுகளையும் இணைத்த அமெரிக்க ஆய்வொன்று 2011இல் பெருமளவில் நிரப்பியது: ஆராயப்பட்ட 1,75,732 உறுப்பு மாற்றங்களில் புற்றுநோய் பொதுமக்களைவிடச் சுமார் இரு மடங்காக இருந்தது. கல்லீரலைப் பொறுத்தவரை மருந்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. குடிப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கியவர்களில் பலர் புகைப்பவர்களாகவும் இருந்ததால் அவர்களிடம் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுகள் மிகுந்தன. பித்தநாளத் தழும்பு நோயோடு பெருங்குடல் புண்ணழற்சியும் உடையவர்களுக்குப் பெருங்குடல் புற்று அபாயம், கல்லீரலை மாற்றிய பின்னும் நீடிப்பதால், ஆண்டுதோறும் குடல் உள்நோக்கிச் சோதனை செய்வது வழக்கமாயிற்று.