மூச்சுக் குழாயில் ஒரு விளக்கு

மருத்துவ வரலாறு என்றதும் கொள்ளைநோய்களோடு மனிதன் நடத்திய பெரும் போர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு கச்சான் பருப்பும் ஒரு சட்டைப் பொத்தானும் குழந்தைகளின் உயிரைக் குடித்த கதையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

உண்ணும் பொருள் வழிதவறிச் சுவாசக் குழாயில் இறங்கினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர் செய்யக்கூடியது சொற்பமே. கழுத்தைக் கீறிக் குழாயைத் திறந்து பார்ப்பார். பொருள் அதற்கும் கீழே சென்றிருந்தால், நுரையீரலில் அழற்சியும் சீழும் தோன்றுவதைப் பெரும்பாலும் பார்த்திருக்க வேண்டியதுதான்.

1897ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஃபிரைபேர்க் நகரில் குஸ்ராவ் கிலியன் என்ற வைத்தியர் இந்நிலையை மாற்றினார். விவசாயி ஒருவரின் வலது சுவாசக் கிளையில் பன்றியெலும்புத் துண்டொன்று சிக்கியிருந்தது. கொக்கேயின் பூசித் தொண்டையை மரக்கச் செய்து, நேரான உலோகக் குழாயொன்றை வாய்வழியே செலுத்தி, இடுக்கியால் அதனை வெளியே எடுத்தார். கத்திக்கு வேலை இருக்கவில்லை.

அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் (1865–1958) அக்குழாயின் உள்முனையில் சிறு மின்விளக்கைப் பொருத்திக் கருவியைச் செம்மைப்படுத்தினார். சுவாசக் குழாய்களிலும் உணவுக் குழாய்களிலும் இருந்து மீட்கப்பட்டு அவர் சேகரித்த 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மியூற்றர் நூதனசாலையில் உள்ளன. ஊசிகள், நாணயங்கள், பொத்தான்கள், விளையாட்டுச் சாமான்கள்! ஏழை வீடுகளின் அன்றாட வாழ்வே அப்பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது எனலாம்.

எனினும் ஜாக்சனின் பெருமை அவரது கைத்திறனோடு முடிந்துவிடவில்லை. சலவைக்கென வீட்டில் வைத்திருந்த எரிகாரத்தை அறியாது விழுங்கிய குழந்தைகளின் உணவுக் குழாய் வெந்து சுருங்குவதை அவர் கண்டார். எச்சரிக்கையின்றி அது விற்கப்படும்வரை தம் மேசைக்குக் குழந்தைகள் வந்துகொண்டே இருப்பர் என்பதை உணர்ந்து, சட்டத்துக்காகப் பல்லாண்டு போராடினார். 1927ல் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் காத்த குழந்தைகளை எந்த நூதனசாலையும் எண்ணிக் காட்ட முடியாது.

1966ல் ஜப்பானியரான ஷிகெற்றோ இக்கேடா வளையும் இழைக்குழாயை அறிமுகம் செய்தார். ஆயினும் குழந்தைகளுக்கு நேர்க்குழாயே இன்றும் பெரிதும் கைகொடுக்கிறது.

கருவி உண்டு, அது யாருக்கு எட்டுகிறது என்பதே நம் கேள்வி. பொருள் உள்ளே சென்றதும் எழும் இருமல் சிலவேளை அடங்கிவிடும், ஆபத்து அடங்குவதில்லை. கச்சான் பருப்பு எக்ஸ்ரேப் படத்திலும் தெரியாது. தொய்வு என்று மாதக்கணக்கில் மருந்துண்ணும் கிராமத்துக் குழந்தைக்கு, அந்த முதல் இருமலைப் பற்றிக் கேட்கும் ஒரு வைத்தியரும், வேளைக்குப் போய்ச் சேரக்கூடிய ஒரு வைத்தியசாலையும் வேண்டும். அவை கிட்டாதவரை 1897 அக்குழந்தைக்கு இன்னும் பிறக்கவில்லை.