காலை எடுக்காமல் கியர் மாற்றியவர்கள்

சென்ற மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. எங்கும் மோதவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டாவது கியர் விழ மறுத்தது. விழுந்தாலும் கரகரவென்று கத்தியது. கிளட்ச் வழுக்கியது. என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். "பவர் ஷிஃப்ட் பண்ணிப் பழகினேன் சார், வீடியோ பார்த்து" என்றான் வண்டிக்காரப் பையன். அவன் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் ஒரு பிடி கூடுதலாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

அவனுக்கு அந்த வார்த்தை புதிது. அதன் கதை ரொம்பப் பழையது. கியர் போடுவதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நாம் என்பதால், அந்தக் கதை உங்களுக்கும் பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் பவர் ஷிஃப்ட் என்றால் என்ன? நாம் கியர் மாற்றும்போது வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்போம், இடது காலால் கிளட்சை மிதிப்போம், கியரை மாற்றி, கிளட்சை மெதுவாக விட்டு, மறுபடி ஆக்சிலரேட்டரைக் கொடுப்போம். பவர் ஷிஃப்டில் வலது கால் அசையவே அசையாது. ஆக்சிலரேட்டர் தரையோடு தரையாக மிதிபட்டே இருக்கும். கிளட்சை ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் கியரை அடித்துத் தள்ளுவார்கள். "அடித்து" என்பதுதான் சரியான சொல்.

இதில் என்ன தவறு என்று புரிய, கியர் பெட்டி எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

பல்சக்கரங்களை ஒரு தண்டின் மேல் நகர்த்தி, ஒன்றோடொன்று கோத்து வேகத்தை மாற்றும் முறையைக் காருக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் எமில் லெவாசோர். பனார் ஏ லெவாசோர் கம்பெனியின் பங்குதாரர். காலம் 1890களின் தொடக்கம். ஆரம்பத்தில் அந்தச் சக்கரங்களுக்கு மூடிகூடக் கிடையாது, சாலைத் தூசியிலேயே சுழன்றன. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு சக்கரங்களை ஒன்றின் பல்லுக்குள் ஒன்றாக நுழைப்பது என்றால் சத்தம் வராமல் இருக்குமா? முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை நடக்கிறது என்ற பொருளில் அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்த முரட்டு வண்டியில்தான் 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் 1,178 கிலோமீட்டர் பந்தயத்தைக் கிட்டத்தட்ட 48 மணி நேரத்தில், ஏறக்குறைய தனி ஆளாகவே ஓட்டி முடித்தார். அடுத்த வருஷம் இன்னொரு பந்தயத்தில் தூக்கி எறியப்பட்டு, அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக 1897இல் இறந்துபோனார்.

லெவாசோர் விட்டுப்போன பிரச்சினையை அடுத்த முப்பது நாற்பது வருஷம் டிரைவர்கள்தான் தங்கள் கால்களால் சமாளித்தார்கள். நம் ஊரிலோ இன்னும் வெகு காலம். பழைய லாரி, பஸ் டிரைவர்கள் போட்ட டபுள் கிளட்ச் ஞாபகம் இருக்கிறதா? கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார்கள். கிளட்சை விட்டு, இறங்கு கியர் என்றால் ஆக்சிலரேட்டரை ஒரு உறுமு உறுமவிடுவார்கள். மறுபடி மிதித்துக் கியரைப் போடுவார்கள். எஞ்சின் பக்கம் சுற்றும் சக்கரத்தின் வேகத்தைச் சக்கரப் பக்கம் சுற்றும் வேகத்தோடு காதால் கேட்டுச் சமன்படுத்துகிற வித்தை அது. மலைப்பாதை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்த உறுமலின் தாளமே தெரியும். அம்பாசடர் காரிலும் முதல் கியருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. வண்டி முழுசாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். நிற்பதற்குமுன் போட்டால் வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் பல்லைக் கடிப்பார்கள்.

இந்தச் சமன்படுத்தும் வேலையை டிரைவரின் காதிலிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தவர் அமெரிக்கர் ஏர்ல் தாம்சன். அவருடைய சின்க்ரோமெஷ் கியர் பெட்டி 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. அதன் சூட்சுமம் ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது. பெரும்பாலும் பித்தளை, உள்பக்கம் கூம்பு மாதிரிச் சரிவாக இருக்கும். கியரை நீங்கள் தள்ளியதும், பற்கள் கோப்பதற்கு முன்னால் இந்த வளையம் போய்ச் சக்கரத்தின் கூம்பில் உரசும். உரசி உரசி இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கும். அதுவரை உள்ளே போக வழி விடாது. வேகம் ஒன்றானதும் வழி விடும். இவ்வளவும் அரை வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த வளையத்தை வாசலில் நிற்கும் காவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் பொறு" என்று சொல்வது மட்டுமே அதன் உத்தியோகம்.

(இந்தத் தாம்சன்தான் பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் கிளட்ச் பெடலே இல்லாத ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் பெட்டியை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அது வந்தது. ஒரே மனிதர் கியர் போடுவதைச் சுலபமாக்கினார், பிறகு கியர் போடுவதையே தேவையில்லாமல் ஆக்கினார்.)

இப்போது பொறுக்க முடியாதவர்களின் கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அமெரிக்காவில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து வேகமாக்கினார்கள். சாலைகளில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள். உயிர்கள் போயின. அவர்களைச் சாலையிலிருந்து அகற்றி ஒழுங்கான ஓர் இடத்துக்குக் கொண்டுவர 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். பயன்படாத விமான ஓடுதளங்கள் இதற்குத் தோதாக அமைந்தன. நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் நடந்தது. அங்கே போய் வெயிலில் காய்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அமெரிக்காவின் டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு யார் முதலில் கடக்கிறார்கள் என்பது மட்டுமே கணக்கு.

1970இல் அந்தச் சங்கம் புரோ ஸ்டாக் என்ற பிரிவைத் தொடங்கியபோது, முன்னணிக் கார்கள் அந்தத் தூரத்தைச் சுமார் 10 வினாடியில் கடந்தன. அதற்குள் மூன்று முறை கியர் மாற்ற வேண்டும். முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் கால் வினாடி என்றால் 15 மீட்டர், அதாவது மூன்று கார் நீளம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவன் தோற்றான். பவர் ஷிஃப்ட் அங்கே வீம்புக்கு வந்த வித்தை இல்லை, வயிற்றுப்பாட்டு வித்தை.

அந்த வித்தையின் மன்னர் என்று பேர் வாங்கியவர் வட கரோலினாவின் ரோனி சாக்ஸ். பார்ட்னர் பட்டி மார்ட்டினோடு சேர்ந்து பிளைமவுத் கார்களை ஓட்டினார். நான்கு கியர் வண்டியில் அவர் கைவேகத்தைப் பார்த்து "மிஸ்டர் ஃபோர் ஸ்பீட்" என்றே அழைத்தார்கள். 1970இல் நடந்த முதல் புரோ ஸ்டாக் போட்டியின் இறுதிச் சுற்றில் பில் ஜென்கின்ஸின் கமாரோவிடம் தோற்றாலும், அதற்கடுத்து அந்தப் பிரிவில் பல வெற்றிகளைக் குவித்தார். பிளைமவுத் விற்பனைக் கடைகளுக்குப் போய் இளைஞர்களுக்கு வகுப்புகள் நடத்தினார்கள் இரண்டு பேரும். காரை எப்படித் தயார் செய்வது, எப்படிப் பந்தயத் திடலில் ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் தெருப் பையன் பார்த்த வீடியோக்களில் வராத விஷயம் இனிமேல்தான். அந்தக் காலப் பந்தயக்காரர்களின் கியர் பெட்டிக்குள் பல நேரம் அந்தக் காவலாளே இருக்கமாட்டார். சின்க்ரோ வளையங்களைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சக்கரத்தின் கோக்கும் பற்களில் ஒன்றுவிட்டு ஒன்றை அரைத்து எடுத்துவிடுவார்கள். இடைவெளி பெரிதானால் எந்த வேகத்திலும் உள்ளே நுழையும் அல்லவா? இதற்கு ஸ்லிக் ஷிஃப்ட் என்று பெயர். ஊருக்குள் ஓட்ட லாயக்கில்லாத பெட்டி அது. மெதுவாகப் போட்டால் கத்தும், அடித்துப் போட்டால்தான் விழும். போதாக்குறைக்குக் கனத்த ஸ்பிரிங் வைத்த கிளட்ச், தடித்த ஆக்சில், பந்தயத்துக்குப் பந்தயம் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக் கூட்டம். கால் எடுக்காமல் கியர் போட்டவர்கள், பொறுக்கச் சொல்லும் பாகத்தை முதலில் கழற்றிவிட்டுத்தான் அதைச் செய்தார்கள்.

நம் கார்களில் அந்த வளையம் இருக்கிறது. பொறு என்று சொல்கிறது. நாம் பொறுக்காமல் அடித்தால் தேய்வது அதுதான். கிளட்ச் முழுசாக விலகுவதற்குள் கியரைத் தள்ளினால், சின்னதாக உரசி வேகம் சமன்படுத்த வேண்டிய வளையம் முழு வேகத்தில் இழுக்கும் எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டி வருகிறது. வளையம் தேய்ந்தபின் பல்லோடு பல் நேரடியாக மோதும். அந்தக் கரகர சத்தத்தில் உதிரும் இரும்புத் தூள் கியர் ஆயிலோடு கலந்து பேரிங்குகளுக்குள் போகும்.

இன்னொரு அடி கிளட்சுக்கு. எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் இருக்கும்போது அடுத்த கியரைப் போட்டால், அந்த கியரில் அது 4,000க்கு இறங்கியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுழலும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, பள்ளிக்கூடக் கணக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு வேகம் என்றால் ஒன்பதில் நான்கு பங்கு சக்தி. மீதி ஐந்து பங்கு, அதாவது ஃபிளைவீலில் சேர்ந்திருந்ததில் பாதிக்கு மேல், எங்கே போகும்? காலை எடுத்து ஓட்டினால் எஞ்சின் தானாகவே இறங்கி அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். எடுக்காவிட்டால் அவ்வளவும் கிளட்ச் பிளேட்டில் சூடாகவும், ஆக்சிலிலும் பல்சக்கரத்திலும் ஒரே அடியாகவும் இறங்கும். பவர் ஷிஃப்ட் செய்பவர்களுக்கு முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு சுகம் தெரிகிறது என்பார்கள். அந்த உதை இதுதான்.

இதையெல்லாம் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பெரிய ஆபத்து அவசரத்தில் கை தவறுவது. மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டில் தள்ளிவிட்டால்? மூன்றாவது கியரின் விகிதம் 1.28, இரண்டாவது 1.9 என்று வைத்தால், 6,000 சுற்றில் இருந்த எஞ்சின் ஒரு நொடியில் 8,900ஐத் தொடும். இப்போதைய கார்களில் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஏற்பாடு பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை. ஓடும் வண்டியின் சக்கரம். வால்வுகள் மூட நேரமில்லாமல் பிஸ்டன் வந்து அவற்றில் இடிக்கும். அதே நொடியில் முன்சக்கரங்கள் இழுத்துப் பிடிக்கும். மழைச் சாலையாக இருந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் யார் நடந்து போகிறார்கள் என்பதும் அந்த வண்டிக்குத் தெரியாது.

பந்தயத் திடலிலும் விலை உண்டு. 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் திடலில் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் டிராக்ஸ்டர் வண்டியில், புறப்பட்ட மாத்திரத்தில் கியர் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அது நம்முடையதைப் போன்ற பெட்டி இல்லை, வேறு ரகம். ஆனால் இருந்த இடம் ஒன்றுதான், காலுக்குப் பக்கம். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைக்கும் வண்டியை யோசித்தார், அடுத்த வருஷமே அதில் ஜெயித்தார். இன்று அந்தப் பிரிவில் எல்லோருக்கும் எஞ்சின் பின்னால்தான். ஃபிளைவீல், கிளட்ச் உடைந்தால் துண்டுகள் சிதறாமல் தடுக்கும் கனத்த இரும்பு உறையையும் பந்தய விதிகள் கட்டாயமாக்கின. நம் காரில் அங்கே இருப்பது வார்ப்பு அலுமினியமும் ஒரு தகடும் கால்மிதியும்தான்.

புரோ ஸ்டாக்கிலும் பவர் ஷிஃப்டின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1970களிலேயே லென்கோ என்ற பெட்டி வந்தது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு லீவர். கிளட்சை மிதிக்காமலே ஒவ்வொன்றாக இழுத்தால் போதும். கைவேகம் என்ற கலைக்கு அங்கே மதிப்புக் குறைந்தது. சாக்ஸ் 2006இல் காலமானார்.

2008இல் ஷெவர்லே தன் கோபால்ட் எஸ்எஸ் காரில், காலை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்று விற்றது. கிளட்சை மிதித்த கணத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினின் வேகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். டிரைவர் எடுக்காத காலை அது எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஊரில் 2014இல் மாருதி செலேரியோவோடு வந்த ஏஎம்டி வண்டிகளை நம் வயதுக்காரர்கள் பலர் வாங்கியிருக்கிறீர்கள். கியர் மாறும்போது வண்டி ஒரு நொடி தயங்கித் தலையாட்டுகிறது என்று என்னிடம் குறை சொன்னவர்களும் உண்டு. உள்ளே இருப்பது வழக்கமான கியர் பெட்டியேதான், அதே கிளட்ச், அதே வளையம். கம்ப்யூட்டர் ஆக்சிலரேட்டரைக் குறைக்கிறது, கிளட்சை விலக்குகிறது, கியரைத் தள்ளி, வளையம் வழி விடும்வரை காத்திருக்கிறது, பிறகு மெதுவாகக் கிளட்சை விடுகிறது. அந்தத் தலையாட்டல் அந்தக் காத்திருப்பினால் வருவது. மாறும் நேரத்தில் நீங்களே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், பாதி தலையாட்டல் போய்விடும்.