ஊதா நிறக் கேடயம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் மாட்டுச் சந்தைக்கு ரயில் ரயிலாகக் கால்நடைகள் வந்து இறங்கின. அன்றாட விலை நிலவரம் நாளிதழ்களில் வந்தது. ஆனால் ஒரு சந்தையில் ‘நல்ல மாடு’ என்று விலைபோனது இன்னொரு சந்தையில் நடுத்தரமாகிவிடும். மக்காச்சோளம் போட்டு மாசக்கணக்கில் மாட்டைக் கொழுக்கவைத்த விவசாயிக்கு, தன் மாடு எந்த வரிசையில் சேரும் என்றே தெரியாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் மம்ஃபோர்ட் 1902-இல் கால்நடைகளை வகை பிரித்து ஒரு கையேடு எழுதினார். மாட்டுக்கு ஒரு வழி பிறந்தது. அறுத்துக் கொக்கியில் தொங்கவிட்ட இறைச்சிக்கு?

1906-இல் அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் இறைச்சிக்கூடங்களின் அழுக்கை வெளிச்சம்போட்டுக் காட்டியது. நாடே கொதித்தது, அதே ஆண்டு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. நோயுள்ள மாடு கழிக்கப்பட்டது. இளம் காளையின் மென்மையான தொடைக்கறியும் பால் வற்றிய கிழட்டுப் பசுவின் நார்க்கறியும் மட்டும் ஒரே பரிசோதனை முத்திரையோடு கடைக்குப் போயின.

1916-இல் அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சிக்குத் தற்காலிகத் தர வரையறை ஒன்றை எழுதியது. சாப்பிடுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது அல்ல அது. சந்தை விலையை எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலில் அறிவிப்பதற்கான ஏற்பாடு. முதல் உலகப்போரில் படைகளுக்கு இறைச்சி வாங்கவும் அது கைகொடுத்தது. போர் முடிந்ததும் மாட்டு விலை அதலபாதாளத்தில் விழுந்தது. அந்த வீழ்ச்சிதான் கதையைத் திருப்பியது.

நல்ல இனம் வளர்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ‘பிரீடர்ஸ் கெஸட்’ இதழின் ஆசிரியர் ஆல்வின் சாண்டர்ஸ் அவர்களுக்காக எழுதினார். அவரோடு சேர்ந்தவர் ஓக்லி தார்ன். 1907 நிதிப் பீதியில் மக்கள் பணம் கேட்டு முற்றுகையிட்ட டிரஸ்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். பின்னாளில் நியூயார்க் மாநிலத்தில் ஆங்கஸ் மாடு வளர்த்தார். தரமான இறைச்சிக்கு அரசு முத்திரை வேண்டும் என்று இருவரும் வலியுறுத்தினார்கள். சொந்தப் பெயரில் விற்றுவந்த பெரிய இறைச்சி நிறுவனங்களுக்கு இந்த யோசனை கசந்தது. 1926 ஜூனில் அதிகாரப்பூர்வ வரையறை வந்தது. 1927 மே மாதம், ஓராண்டு சோதனையாக, கட்டணமில்லாமல் முத்திரை குத்தும் பணி தொடங்கியது. கட்டாயம் என்று எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு கட்டணம் கேட்டால் யார் வருவார்கள்?

வந்தார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. விலைக்கட்டுப்பாட்டுக்குத் தரம் தெரிந்தாக வேண்டும் என்பதால் தரப்பிரிப்பு கட்டாயமானது. போர் முடிந்து கட்டாயம் நீங்கியபோது கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள்.

இன்று அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் மாட்டிறைச்சிப் பொட்டலத்தின் மேல் சாதாரணமாகத் தெரியும் ‘பிரைம்’, ‘சாய்ஸ்’ கேடயச் சின்னம் இப்படித்தான் பிறந்தது. தரம் பார்ப்பவர் 12-ஆம், 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிய இடத்தைக் குனிந்து பார்க்கிறார். சிவந்த தசைக்குள் வெண்புள்ளியாகவும் இழையாகவும் கொழுப்பு எவ்வளவு பரவியிருக்கிறது, முதுகெலும்பு நுனிக் குருத்தெலும்பு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணிக்கிறார். முன்னது சாறையும் சுவையையும் சொல்லும். பின்னது மாட்டின் முதிர்ச்சியைச் சொல்லும். முடிவானதும் சடலத்தின் மேல் ஊதா மை உருளை ஓடுகிறது. இதற்கான செலவு நிறுவனத்துடையது, விருப்பமிருந்தால் மட்டும். நோயற்றது என்று சொல்லும் வட்ட முத்திரை வேறு, அது கட்டாயம். வெண்ணெய்க்கும் முட்டைக்கும்கூட அதே வேளாண் துறை தரம் பிரித்துத் தருகிறது.

தரப் பெயர்களும் நிலையாக நிற்கவில்லை. 1950-இல் பழைய ‘சாய்ஸ்’ ‘பிரைம்’ உடன் சேர, அடுத்த தரமான ‘குட்’ தான் ‘சாய்ஸ்’ ஆனது. அதற்குக் கீழே மறுபடி உருவான ‘குட்’ கொழுப்புக் குறைந்த கறி; பெயரே மூன்றாந்தரமாக ஒலித்ததால் கடைகள் அதை முன்னிறுத்தவில்லை. இதயநோய் பயம் பரவிய காலத்தில் நுகர்வோர் அமைப்பு ஒன்று முறையிட, 1987-இல் அது ‘செலக்ட்’ ஆனது. வரையறையில் மாற்றமில்லை, கறியிலும் மாற்றமில்லை.