தைக்காட்டு அய்யாவும் பற்றறுத்தலின் சமூகப் பொருளும்

துறவு என்றதும் காடும் குகையும் காவியுடையும் நினைவுக்கு வருவது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் யோக நெறி பயிற்றிய அய்யாவு சுவாமிகளிடம் இவற்றுள் எதுவும் இல்லை. தொண்டைநாட்டுத் தமிழரான அவரது இயற்பெயர் சுப்பராயர். தைக்காட்டிலிருந்த பிரித்தானிய ரெசிடென்சியில் மேலாளராகப் பணியாற்றியதால் ஊரார் அவரைச் ‘சூப்பிரண்டு அய்யாவு’ என்றே அழைத்தனர். இல்லறத்தையும் அலுவலையும் விடாமலேயே அவர் சிவராஜயோகம் கற்பித்தார்.

அவரைச் சூழ்ந்திருந்தோர் ஒரு குலத்தினர் அல்லர். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அவரோடு நெருங்கிப் பழகினார். அத்தொடர்பின் பின்னணியிலேயே 1885இல் சைவப் பிரகாச சபை தோன்றியது. நாயர் குலத்தில் பிறந்த சட்டம்பி சுவாமிகளும், ஈழவரான நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர் என்பது மரபு. புலையர் தலைவர் அய்யங்காளியும் அங்கு வந்து சென்றார் என்றும், தைப்பூச நாளில் அனைவரும் ஒரே பந்தியில் உண்டனர் என்றும் அம்மரபு கூறுகிறது. குரு–சீடர் உறவு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தீண்டாமையோடு காணாமையும் நிலவிய திருவிதாங்கூரில் இத்தகைய கூட்டத்தைப் பற்றிய நினைவு தலைமுறை தாண்டி நிலைத்திருப்பதே கருதத்தக்கது.

இதன் மெய்யியல் அடிப்படை யாது? துன்பத்தின் வேர் புறத்தே இல்லை. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கே வேர் என்பது தமிழ்ச் சைவத்தின் துணிபு. ஆணவம் என்று அது பெயரிடுவது இதனையே. பொருளாசையைத் துறந்தவரும் பிறப்பால் உயர்ந்தோம் என்னும் எண்ணத்தைத் துறக்காதவரை பற்று அறுத்தவர் ஆகார். சாதி இவ்வாணவத்தின் சமூக வடிவம் என்று கொண்டால், தைக்காட்டுப் பந்தி வெறும் சீர்திருத்தச் செயலன்று. யோகப் பயிற்சியின் ஒரு படி.

நாராயண குருவின் வாழ்வு இதற்குச் சான்று. அவர் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் தமிழ் நூலை மலையாளத்தில் பெயர்த்தவர். தமிழிலேயே பதிகங்கள் பாடியவர். மருத்துவாமலைக் குகையில் தவமிருந்த அவர் அங்கேயே ஒடுங்கிவிடவில்லை. 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். நிறுவும் உரிமை பிராமணர்க்கே உரியது என்றிருந்த காலம் அது. 1927இல் களவங்கோட்டில் அவர் நிறுவியது ஒரு கண்ணாடி: வழிபட வந்தவர் தம்மையே கண்டார்.

பற்று நீங்கியவருக்குப் பிறர் துன்பமும் பொருட்டில்லாமல் போகுமா என்பது துறவு நெறிகளை நோக்கிக் காலந்தோறும் எழுப்பப்படும் வினா. அவ்வினா நியாயமானது. 1893இல் தடையை மீறிப் பொதுவழியில் வில்வண்டி ஓட்டிய அய்யங்காளிக்கு, மனச்செருக்கு அழியும்வரை காத்திருக்க அவகாசமில்லை. அகவிடுதலை வழியுரிமைக்கு மாற்றாகாது. எனினும் தன் மேன்மையைத் தானே களையத் துணிந்தோர் மறுபுறம் இல்லாதிருந்தால், அவ்வுரிமைப் போர் இன்னும் தனிமைப்பட்டிருக்கும்.

அய்யாவு 1909இல் மறைந்தார். தைக்காட்டில் அவரது சமாதியின் மேல் பின்னர் சிவன் கோயில் எழுந்தது. திருவிதாங்கூர்க் கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டதோ 1936 நவம்பரில்தான். கேரள மறுமலர்ச்சி வரலாறு பெரும்பாலும் மலையாளச் சான்றுகளைக் கொண்டும், தமிழ்ச் சைவ வரலாறு தமிழக எல்லைக்குள்ளும் எழுதப்படுவதால், இரண்டையும் இணைத்த தைக்காடு இரண்டிலும் ஓரத்துக் குறிப்பாகவே நிற்கிறது. இருமொழிச் சான்றுகளையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் ஆய்வாளருக்கு, ஆசையறுத்தல் என்னும் பழஞ்சொல் ஒரு நகரத்தில் சமத்துவம் என்னும் பொருளை எவ்வாறு பெற்றது என்பது விளங்கும்.